மூக்குத்துரையின் மதியச் சாப்பாடு

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் இஸ்திரிப் பெட்டியில் சுட்டுக்கொண்ட விரல் ஆறியதா? போனில் என்றால் நீ பேசி முடித்ததும் வைத்துவிடுகிறாய், என் முறை வருவதே இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஒரு அதிசயம் நடந்தது. போன புதன்கிழமை காலை அவர் கம்பெனிக்குக் கிளம்பி, ஷூவும் மாட்டியாகிவிட்டது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து சமையலறையில் நின்றார். "கையத் தொடைச்சுட்டுக் கிளம்பு. கடலோரமாப் போய் நல்லா ஒரு சாப்பாடு சாப்பிட்டு, கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய அம்மா இறந்த மறுநாள்கூட கம்பெனியில் டீ ருசி பார்க்கும் அறைக்குப் போய் உட்கார்ந்த மனிதர் இவர். "கம்பெனி?" என்றேன். "அது எங்கயும் ஓடிப் போகாது" என்றார். இருந்த புடவையோடு கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பாறைக்கு மேலே கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு ஹோட்டல். வாரநாள் என்பதால் எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதிதான். மெனு அட்டையை என்னிடம் தராமல் அவரே வாங்கி, சூப், இறால், சுட்ட மீன், கடைசியில் புட்டிங் என்று சொல்லிக்கொண்டே போனார். பரிமாறுகிறவருக்கே சந்தேகம் வந்து, "ரெண்டு பேருக்குத்தானே சார்?" என்றார். அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார், அக்கா. ஒரு குறை சொல்லவில்லை. "இப்படி சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு" என்றார். மீன் ரொம்பப் பிரமாதம் என்று சமையல்காரரை வெளியே வரச் சொல்லிக் கைகொடுத்தார். அந்த ஆள் கூச்சத்தில் நெளிந்தார். எனக்கு அவ்வளவாகப் பசியில்லை, அதனால் என் மீனையும் அவரே சாப்பிட்டார்.

பிறகு கரையோரமாக நடந்தோம். பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடிக்கோ. என்ன வாசனை வருதுன்னு ஒண்ணொண்ணா சொல்லு" என்றார். ஈரக் கயிறு என்றேன். படகு டீசல் என்றேன். யாரோ ஆரஞ்சு உரிக்கிறார்கள் என்றேன். "இன்னும் சொல்லு, இன்னும்" என்று கேட்டுக்கொண்டே நடத்திக்கொண்டு போனார். கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் கண்ணில் தண்ணீர். காற்று அப்படி அடித்தது.

இந்த வயதில் இதெல்லாம் எழுத எனக்கே சிரிப்பாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொள். படி ஏறாதே. அத்தானுக்கு என் அன்பு.

உன் தங்கை


பிப்ரவரி 21

என் அருமைப் பைத்தியமே,

நானும் உன் அத்தானும் உயிரோடு இருக்கிறோம். முழங்கால் எனக்கு முன்னால் எழுந்து வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. விரல் ஆறிவிட்டது, அடுத்த விரலைச் சுட்டுக்கொண்டார். உன் தலைவலி விட்டதா?

கடிதத்தைக் கடையில் கவுண்டரில் வைத்தே படித்தேன். சிரித்த சிரிப்பில் ஒரு கஸ்டமர் தன் துணியில் ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று பயந்துபோனார். மூக்குத்துரை கைகொடுத்தாரா? சமையல்காரருக்கா? காலையிலிருந்து சாயந்திரம் வரை வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, டீயை உறிஞ்சித் துப்பிச் சம்பளம் வாங்குகிற உன் மகாராஜாவா? அவர் இதுவரை கைகொடுத்துப் பார்த்தது கண்ணாடியில் தெரிகிற ஆளுக்கு மட்டும்தான்.

நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. என் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒவ்வொருவருக்கும் பார்த்துப் பார்த்து டீ கொடுக்கிறேன். இவர் ஒரு வாய் உறிஞ்சினார், கப்பை அப்படியே கீழே வைத்தார். "தூள் பழசு. தண்ணி ரெண்டு தடவ கொதிச்சிருக்கு. அதோட சோப்பு வாசனையும் வருது" என்றார். மாப்பிள்ளையின் அம்மா தன் கப்பை முகர்ந்து பார்த்தாள். சலவைக் கடைக்காரி வீட்டில் சோப்பு வாசனை வராமல் ரோஜா வாசனையா வரும்? அன்றைக்கு நான் சமையலறைக்குள் போய் நின்றவள்தான், அவர் இருக்கிற இடத்துக்கு மனதளவில் இன்னும் திரும்பி வரவில்லை. உன் அத்தானைப் பார். நான் எதைக் கொடுத்தாலும் குடிப்பார். ருசி கிடையாது, ஆனால் வாயும் கிடையாது.

அப்படிப்பட்ட ஆள் திடீரென்று கடற்கரை, கைப்பிடி, கண்ணீர் என்று ஆரம்பித்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, வேறு எவளோ இருக்கிறாள். இன்னொன்று, வேலை போய்விட்டது. முதலாவதற்கு அவருக்குச் சாமர்த்தியம் போதாது. நீ விசாரி. கண்ணை மூடச் சொன்னால் மூடிக்கொண்டு நிற்காதே.

தலைவலிக்கு வெயிலில் போகாமல் இரு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆசை. பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. போன கடிதத்தில் எழுதாமல் விட்டேன், கடலிலிருந்து வந்து அவருக்கு இரண்டு நாள் வயிறு ரொம்ப மோசமாகிவிட்டது, டாக்டரிடம் போய் வந்தோம். அப்புறம் எனக்கு இங்கே சாயந்திரத்தில் கொஞ்சம் வேலை கூடிவிட்டது.

வேலையெல்லாம் போகவில்லை. தினமும் போய்த்தான் வருகிறார். நீ நினைக்கிற மாதிரி ஒன்றுமில்லை. ஒரு மனிதருக்கு ஒரு நாள் கடலைப் பார்க்கத் தோன்றக்கூடாதா?

மகள் எப்படி இருக்கிறாள்? மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம் வந்ததா? முழங்காலைப் பார்த்துக்கொள். வேறென்ன, விசேஷம் ஒன்றுமில்லை.

உன் தங்கை


மார்ச் 17

அருமைத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. மகள் நன்றாக இருக்கிறாள். விசேஷம் ஒன்றுமில்லை என்று நீ எழுதினால்தான் எனக்குத் தூக்கம் போகிறது.

நான் படித்தவள் இல்லை. ஆனால் கறையைப் பார்த்தால் அது எந்தச் சாப்பாட்டில் விழுந்தது, விழுந்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடுவேன். உன் இரண்டு கடிதத்தையும் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உனக்குப் பசியில்லை என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் என் தட்டிலிருந்து மீனைத் திருடித் தின்றவள் நீ. உனக்கா மீன் வேண்டாம்? மீன் கெட்டுப்போயிருந்தது. உன் மூக்குக்குத் தெரிந்தது. நாடு முழுக்கப் பேர் போன மூக்குக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் பங்கையும் தின்றார். தின்றதோடு விட்டாரா, சமைத்தவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அந்த ஆள் கூச்சத்தில் நெளியவில்லை அம்மா, பயத்தில் நெளிந்தான்.

மூக்குத்துரைக்கு மூக்கு போய்விட்டது. சரிதானே?

படித்ததும் கையை நெஞ்சில் வைத்துக்கொள்வாய் என்று தெரியும். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் அத்தானிடம் சொன்னேன். "ஐயோ பாவம்" என்றார். அவருக்கு எல்லோருமே பாவம்தான். சட்டைக்குப் பொத்தான் போனால்கூடச் சட்டை பாவம். எனக்கு அப்படியெல்லாம் வராது. ஊரிலிருக்கிற அத்தனை பேர் அடுப்படியிலும் நுழைந்த மூக்கு அது.

உடனே பதில் போடு. மழுப்பாதே. உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்கள் எல்லோரும் சுகமென்று நம்புகிறேன்.

ஒன்றரை மாதமாக இந்தக் கடிதத்தை ஆரம்பித்து ஆரம்பித்துக் கிழித்துப் போடுகிறேன். சரிதான். நீ சொன்னது சரிதான், அக்கா. டிசம்பரில் ஒரு வாரம் காய்ச்சலாகக் கிடந்தார் இல்லையா, எழுந்தபோது வாசனை போய்விட்டது. வந்துவிடும் என்று ஜனவரி முழுக்க யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். நான் ஏதோ யோசனை என்று நினைத்தேன். டாக்டர் இனிமேல் வருவது கஷ்டம் என்று சொன்ன மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை.

அன்றைக்கு மீன் வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நடித்துக்கொண்டிருந்தார். நடிப்பு என்று அப்போது தெரியாது, அப்புறம் ஒரு நாள் அவரே சொன்னார். என்னால்தான் இரண்டு நாள் வாந்தியெடுத்துக் கிடந்தார். அன்றிலிருந்து எங்கே போனாலும் அவர் முன்னால் வைக்கிற எதையும் நான் ஒரு வாய் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாயந்திரம் வேலை என்று எழுதினேனே, அது இதுதான். தினமும் சின்னச் சின்ன டப்பாக்களில் தூள் கொண்டுவருகிறார். நான் கொதிக்கவைத்து முகர்ந்து சொல்கிறேன். "காஞ்ச புல்லா, ஈரப் புல்லா?" என்பார். "அடியில ஏதாச்சும் புகை இருக்கா?" என்பார். நான் சொல்வதை வைத்து அவர் கலவை முடிவு செய்கிறார். கம்பெனியில் இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போகும், இந்தக் குவார்ட்டர்ஸும் போகும். இந்த வயதில் எங்கே போவோம்?

முதலாளி வீடு உங்கள் ஊரில்தான், அந்த வீட்டுக் கோட்டுகள் உன் கடைக்குத்தான் வெளுக்க வருகின்றன என்று எனக்குத் தெரியும். முதலாளியம்மா கவுண்டரில் நின்று உன்னோடு அரைமணி நேரம் பேசுவாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அக்கா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வேறெதுவும் கேட்கவில்லை.

வெயிலில் அலையாதே. அத்தானையும் பார்த்துக்கொள்.

உன் தங்கை


மே 9

என் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ தூங்குகிறாயா? எழுத்தைப் பார்த்தால் தூங்குகிற மாதிரி இல்லை.

ஆக, உன் மூக்கை வாடகைக்கு விட்டிருக்கிறாய். அவருக்குச் சம்பளம், பாராட்டு, நாற்காலி. உனக்குப் புகை. இருபத்திரண்டு வருஷமாக உனக்கு டீ போடத் தெரியாது என்று சொன்னவர், இப்போது உன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இதற்குக் கடற்கரையில் ஒரு சாப்பாடு, அதுவும் கெட்டுப்போன சாப்பாடு. கண்ணை மூடச் சொன்னது காதல் என்று நினைத்தாயே, அது இன்டர்வியூ அம்மா.

முதலாளியம்மா வியாழக்கிழமை வந்தாள். காலரில் மஞ்சள் கறை. "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? போன மாசக் கலவைய எல்லாரும் புகழ்றாங்களே" என்றாள். எனக்கு வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. "நல்லா இருக்கார், அவருக்கென்ன" என்று சொல்லி முழுங்கினேன். உனக்காக முழுங்கினேன், அவருக்காக இல்லை. எத்தனை நாள் முழுங்குவேன் என்று எனக்கே தெரியாது. ஆளைப் பார்த்துவிட்டால் அடக்க முடியுமா என்பதும் தெரியாது.

சாப்பிடு. தூங்கு. புகையில் ரொம்ப நேரம் நிற்காதே, உனக்குத்தான் தலைவலி.

உன் அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். முழங்காலுக்குப் புது மருந்து கேட்கிறதா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருகிறோம். காலை பஸ்ஸில் வந்து சாயந்திர பஸ்ஸில் திரும்பிவிடுவோம். அவரே கிளம்பச் சொன்னார், நம்ப மாட்டாய். உன்னிடம் நேரில் ஒரு விஷயம் பேச வேண்டுமாம். என்னவென்று நான் எழுதினால் நன்றாக இருக்காது, அவரே சொல்லட்டும்.

உனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. நீயும் காட்டிக்கொள்ளாதே. அன்றைக்கு உன் வீட்டுக் கூடத்தில் அவர் பேசியது அதிகம்தான். உள்ளே கூப்பிட்டு உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது பொய்யில்லை அக்கா, உன் டீ அன்றைக்கு நன்றாகத்தான் இல்லை. சிரித்துவிட்டாயா? சிரித்தால் போதும். ஒரே ஒரு நாள் அவரை விட்டுவிடு. எனக்காக.

சமையல் தடபுடல் வேண்டாம். உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! மற்றதெல்லாம் நேரில்.

உன் தங்கை


ஜூலை 8

என் அருமைத் தங்கைக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நாங்கள் நலம். என் முழங்கால்கூட இரண்டு நாளாக வலிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமை உன் மகாராஜா உள்ளே நுழைந்த அழகைப் பார்த்தேன். அதே நிமிர்ந்த கழுத்து. கூடத்தில் அதே நாற்காலி. உன் அத்தான் இஸ்திரி போடுவதை விட்டுவிட்டு ஓடி வந்து, "வாங்க வாங்க" என்று வரவேற்கிறார். அவர் செருமிக்கொண்டு, "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தார். அந்தத் தோரணையைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. "இருங்க, முதல்ல டீ குடிங்க" என்று உள்ளே போய்விட்டேன்.

அவருக்குத்தான் பாலும் கூடாது, சர்க்கரையும் கூடாதே. வெறும் டீ. ஒரு கப்பில் ஊற்றினேன். உப்பு டப்பாவை எடுத்தேன். ஒன்றரை ஸ்பூன் போட்டுக் கலக்கினேன். ஆமாம், உப்பு. உனக்குக் கோபம் வரும், வரட்டும்.

கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றேன். ஒரு வாய் உறிஞ்சினார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. நீ கையை நீட்டி வாங்கிப் பார்க்கப் போனாய், நினைவிருக்கிறதா? விட்டாரா? கப்பை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டு மடமடவென்று அடி வரை குடித்தார். என் டீக்கு அவ்வளவு ஆசை! குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். என் வீட்டில், என் டீயை, அந்த வாய்! "இன்னொரு கப் தரட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம், இதுவே நிறைவா இருக்கு" என்றார். நான் உள்ளே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சம்பந்தக்காரர்களை எல்லாம் மறுபடியும் வரவழைத்து வரிசையாக உட்காரவைத்துக் காட்டலாம் போல இருந்தது.

அதற்கப்புறம் பேச வந்த விஷயத்தையும் பேசவில்லை பார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார். உள்ளூர ஏதோ உறுத்தியிருக்கும். உறுத்தட்டும்.

இனி எனக்கு அவர் மேல் கோபமே இல்லை. கணக்கு முடிந்தது. முதலாளியம்மாவிடமும் வாய் திறக்க மாட்டேன், சந்தோஷமாக இரு. உன் உடம்பு இளைத்திருக்கிறது. பால் குடி.

உன் அக்கா


ஜூலை 17

அக்கா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தங்கையின் கணவன் எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. இங்கே இருவரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் தங்கை பெயருக்கு வந்த கடிதத்தை நான் பிரித்துவிட்டேன். தப்புதான். உறை கனமாக இருந்தது. நீங்கள் சந்தோஷமாக இருக்கும்போது மட்டும்தான் நீளமாக எழுதுவீர்கள் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் உங்களுக்கு என்ன சந்தோஷம் என்று எனக்குத் தெரியும், அதனால் பிரித்தேன்.

மூக்கு போனால் நாக்கும் போய்விடும் என்று உங்களுக்கு யார் சொன்னது? உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நான்கும் எனக்கு நன்றாகத் தெரிகிறது. போனது மற்றதெல்லாம். ஒன்றரை ஸ்பூன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வாயில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இவ்வளவு வருஷம் உங்கள் டீ மட்டம் என்று சொன்னேன், அந்த அபிப்பிராயத்தில் மாற்றமில்லை. ஆனால் உங்களை மட்டம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதில்தான் என் ருசி தப்பிவிட்டது.

பிறகு ஏன் குடித்தேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். என் முன்னால் வைக்கிற எதையும் அவள் ஒரு வாய் பார்க்கிறாள் என்று உங்களுக்கே எழுதியிருக்கிறாளாம், போன வாரம்தான் என்னிடம் சொன்னாள். உங்களுக்கு எல்லாம் தெரியும் என்பதையும் அப்போதுதான் சொன்னாள். அன்றைக்கு அவள் கை நீண்டது. கப்பை விட்டிருந்தால் அவள் குடித்திருப்பாள். தன் அக்கா என்ன செய்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கு இருப்பது ஒரே அக்கா. குடித்துவிட்டேன். மற்றபடி உங்கள் மேல் எனக்கு இரக்கம் ஒன்றுமில்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பேச வந்த விஷயம் இது. ஜூன் மாதக் கடைசியில் முதலாளியிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் மூக்கை வைத்துப் பெயர் வாங்க எனக்குக் கூசியது. அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். என்னைக் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஆகவே நீங்கள் எதையும் முழுங்க வேண்டிய அவசியமில்லை, அவர் வீட்டுக் கோட்டுகளை நிம்மதியாக வெளுக்கலாம்.

வேறு வீடு கிடைக்கும் வரை அவள் உங்கள் மாடி அறையில் இருக்கட்டுமா என்று கேட்கத்தான் வந்தோம். அது அவளுடைய ஆசை. நான் கிடங்குக்குப் பக்கத்தில் எங்காவது ஒண்டிக்கொள்வேன். அக்காவோடு இரண்டு மாதம் இருக்கப்போகிறேன் என்று வரும்போது பஸ் முழுக்க அவளுக்கு அதே பேச்சு. கேட்பதற்கு முன்னால் டீ வந்துவிட்டது. நான் ஏன் கேட்கவில்லை என்று திரும்பும் வழியெல்லாம் சண்டை போட்டாள். என் தலைக்கனம் என்று நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும், அது அவளுக்குப் பழக்கம்தான்.

உங்கள் கடிதத்தை இத்துடன் உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். உங்களிடமிருந்து பதிலே வரவில்லையே என்று தினமும் தபால்காரரைக் கேட்கிறாள். வேறொன்று எழுதிப் போடுங்கள். இரண்டு வரி போதும். நலமா என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத வேண்டாம்.

உங்கள் முழங்கால் குணமாக வேண்டும். அண்ணனுக்கு என் வணக்கம்.

உங்கள் தங்கை கணவன்


ஆகஸ்ட் 14

என் தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? நீ ஏழெட்டு தடவை போன் செய்ததாக உன் அத்தான் சொன்னார். நான் கடையில் வேலையாக இருந்தேன். இல்லை, வேலையாக இல்லை. எடுக்கவில்லை. காரணம் கேட்காதே.

நீங்கள் வந்துபோனதும் ஒரு கடிதம் போட்டேன். தபாலில் தொலைந்துபோயிருக்கும். அதில் ஒன்றும் இல்லை, வழக்கம்போல என் வாய்க்கொழுப்பு. அது உன் கைக்கு வராததே நல்லது.

உன் வீட்டுக்காரர் முதலாளியிடம் தானே போய்ச் சொன்னாராம். முதலாளியம்மா கடைக்கு வந்தபோது சொன்னாள். "எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்?" என்றாள். நான் அவளுடைய கோட்டை மடித்துக்கொண்டே இருந்தேன். மடித்ததையே மறுபடியும் பிரித்து மடித்திருக்கிறேன், அவள் போனதும்தான் தெரிந்தது. உன் அத்தானிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். சாயந்திரம் டீ கொண்டுபோய் வைத்தேன். எடுக்கவில்லை. இப்போதும் எடுப்பதில்லை. ருசி தெரியாதவர் என்று அவரைப் பற்றி நான்தான் உனக்கு எழுதினேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும் என்று கேள்விப்பட்டேன். மாடி அறையில் கிடந்த பழைய துணி மூட்டையை எல்லாம் இறக்கிவிட்டேன். நானே படி ஏறி இறங்கினேன், திட்டாதே. இரண்டு கட்டில் போட்டிருக்கிறேன். ஒன்று இல்லை, இரண்டு. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், சோப்பு வாசனை போக மாட்டேன் என்கிறது. நீங்கள் ஏற்கெனவே வேறு இடம் பார்த்துவிட்டீர்களோ என்னவோ. பார்த்திருந்தால் நான் எதுவும் சொல்வதற்கில்லை. பார்க்கவில்லை என்றால் வாருங்கள். எத்தனை மாதமானாலும் இருங்கள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. எதற்கென்று அவர் சொல்ல மாட்டார், நீயும் அவரைக் கேட்காதே. நான் கொடுக்கிற எதையும் வாங்கிக்கொள்ளச் சொல்லி அவரை வற்புறுத்தாதே. வந்தால் டீ நீயே போடு. எனக்கும் ஒரு கப் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு பேரும்.

உன் அக்கா